நோட்டில் எழுதாத அட்ஜஸ்ட்

ஆரணி
24.11.1997

அன்புள்ள அக்காவுக்கு ஜெயா எழுதுவது.

நேற்று பஸ் ஸ்டாண்டில் நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். வேலூர் பஸ்ஸில் உனக்கு ஜன்னலோர சீட் பிடித்துக் கொடுத்தேன். கண்டக்டர் மேலும் இரண்டு பேரைக் கொண்டுவந்து உன் பக்கத்தில் நெருக்கினார். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி உக்காரும்மா, இவங்க கண்ணமங்கலத்துல எறங்கிடுவாங்க" என்றார். நீ ஐந்து மாத வயிற்றைப் பையால் அணைத்துக்கொண்டு நகர்ந்தாய். உன் செருப்பு வார் பாதத்தில் அழுந்திச் சிவந்திருந்தது. "இறங்கு அக்கா, இரண்டு நாள் இருந்துவிட்டுப் போ" என்று வாய்வரை வந்தது. கையசைத்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கால் வீக்கத்தைச் சொன்னேன். "தலைப்பிள்ளைக்கு எல்லாருக்கும் அப்படித்தான்டி. அதுக்குன்னு அனுப்பாம வச்சிகினா சம்பந்தி வீட்ல இன்னா நெனைப்பாங்க?" என்றாள்.

"அட்ஜஸ்ட்" சொல்கிறவர்களை எழுதும் நம் நோட்டில் கண்டக்டரைப் பதினான்காவதாக ஏற்றிவிட்டேன். முதலாவது யார் என்று நினைவிருக்கிறதா? உன் கல்யாண போட்டோகிராபர். "பொண்ணு மாப்ளைய விட ஒசரமா தெரியுது, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி நில்லும்மா." ஆல்பம் முழுக்க நீ மாமா பக்கத்தில் புடவைக்குள் முழங்காலை மடக்கிக்கொண்டு நிற்கிறாய். உனக்கும் எனக்கும் மட்டும்தான் அது தெரியும்.

மாமாவுக்கும் உன் மாமியார் அத்தைக்கும் எங்கள் வணக்கம். போய்ச் சேர்ந்ததற்குக் கார்டு போடு.

உன் தங்கை
ஜெயப்ரியா


பெங்களூர்
9.12.1997

அன்புத் தங்கை ஜெயாவுக்கு,

நான் சுகம். அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது? அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாயா?

அந்த இரண்டு பேரும் கண்ணமங்கலத்தில் இறங்கவில்லை. வேலூர் வரைக்கும் வந்தார்கள். அதனால் என்ன, நல்ல மனிதர்கள், வேர்க்கடலை கொடுத்தார்கள்.

நீ நோட்டை இங்கே அனுப்பிவிட வேண்டியதுதான். இந்த ஊர் உன் சொல்லில்தான் ஓடுகிறது. "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்பார்கள், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்கள் என்று. தண்ணீர் வராவிட்டால் வீட்டுக்காரர் சொல்கிறார். பக்கத்து வீட்டுப் பையன் நம் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுச் சொல்கிறான். சண்டை என்று எதுவும் பெரிதாக வருவதே இல்லை. யாராவது ஒருவர் நகர்ந்துகொண்டே இருக்கிறார்கள்.

இன்னொன்றும் எழுதிக்கொள். மாமாவின் நான்கு பவர்லூமில் மூன்றாவது அடிக்கடி மக்கர் செய்யும். அன்றைக்கே ஃபிட்டர் வந்து, நட்டைத் திருகி, "இப்ப அட்ஜஸ்ட் ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போவார். தறிக்கு ஒன்று என்றால் ஒரு நாள் பொறுக்க மாட்டார்கள்.

கால் வீக்கம் அப்படியேதான். அத்தை கொள்ளு வேகவைத்த தண்ணீர் கொடுத்தார். அவரை ஒன்றும் குறை சொல்ல முடியாது.

பிரியமுள்ள அக்கா
ஸ்வர்ணலதா


ஆரணி
16.12.1997

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவுக்கு இருமல் குறைந்தது. அம்மா தைலம் வேண்டாம் என்கிறாள், மணம் பிடிக்கவில்லையாம்.

நேற்று நூலகத்தில் பெரிய ஆங்கில அகராதியைப் பார்த்தேன். அட்ஜஸ்ட் என்பதற்குப் பாதிப் பக்கம் கொடுத்திருக்கிறார்கள். தராசைச் சரிசெய்வது, கண்ணாடியை மூக்கில் பொருத்துவது, கடிகார முள்ளைத் திருப்புவது. கடைசியில்தான் மனிதர் சூழ்நிலைக்குப் பழகிக்கொள்வது வருகிறது. நம் ஊரில் மனிதர்தான் முதலில். அதிலும் எல்லா மனிதரும் இல்லை. அப்பா மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டு "அட்ஜஸ்ட் பண்றேன், தெரியுதா?" என்று கேட்பார். அவர் சொல்லும்போது திரும்புவது ஆன்டெனா. அம்மா என்னிடம் சொல்லும்போது திரும்ப வேண்டியது நான்.

ரேஷன் கடை, தையல்காரர். பத்தொன்பது ஆகிவிட்டது.

நான் பாடம் நடத்தும் நர்சரி பிரைமரி பள்ளியின் தலைமையாசிரியையிடம் உன் கதையைச் சொன்னேன். உன்னை ஒரு வருடம் முன்னதாகப் பள்ளியில் சேர்க்கப் பிறந்த தேதியை மாற்றினார்களே. "அதெல்லாம் அப்ப அட்ஜஸ்ட் பண்றதுதான்" என்று சிரித்தார். அதுதான் இருபது.

வைத்தியம் பார்த்துக்கொள். டாக்டரிடம் மாதா மாதம் போகிறாயா? அதை எழுதவே இல்லையே.

ஜெயா


பெங்களூர்
20.1.1998

அன்புள்ள ஜெயாவுக்கு,

பொங்கல் சீர் வந்தது. கரும்பை வழியிலேயே ஒடித்துத் தின்றது யார் என்று அப்பாவைக் கேள்.

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. தார் சுற்றும் பெண் போன மாதம் ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. ஊடைக்கு நூல் சுற்றிக் கொடுக்க ஆள் இல்லாவிட்டால் நான்கு தறியும் நிற்கும். நான் உட்கார்ந்து சுற்றுகிறேன். உட்கார்ந்த வேலைதான். மாமா ஆள் தேடுகிறார்.

என் செருப்பு ஏறவில்லை. மாமாவுடையதைப் போட்டுக்கொள்கிறேன். மோதிரத்தைச் சோப்பு போட்டுக் கழற்றி வைத்தோம். தலைவலி தறிச் சத்தத்தால் என்று நினைக்கிறேன்.

இது ஏழாம் மாதம். வளைகாப்புப் போட்டு என்னை அழைத்துப் போக எப்போது வருகிறீர்கள்? அத்தை கேட்டுக்கொண்டிருக்கிறார். நானும்தான். தை முடிய இன்னும் நாள் இருக்கிறது.

ஸ்வர்ணா


ஆரணி
27.1.1998

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே இங்கே ஒரு துக்கம். மணவாளன் பெரியப்பா தறிக் குழியிலிருந்து எழுந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பங்காளி வீட்டுச் சாவு. தை முழுக்கத் தீட்டாகிவிட்டது. இப்போது உனக்கு வளையல் அடுக்க முடியாது என்கிறார்கள்.

மாசி உனக்கு எட்டாம் மாதம். இரட்டைப்படை மாதத்தில் வளைகாப்பு இல்லை. அதனால் ஒன்பதாம் மாதம், பங்குனி பத்தொன்பது புதன்கிழமை என்று ஜோசியர் குறித்துக் கொடுத்திருக்கிறார். அத்தைக்கு அப்பா தனியாக எழுதுகிறார்.

"வளைகாப்பு இல்லாமலே அழைத்து வந்துவிடலாமே" என்று அம்மாவிடம் கேட்டேன். "இன்னாடி பேசற? மொதப் பிரசவத்துக்கு வளையல் போடாம, திருட்டுப் பொருள் மாதிரியா இட்டாருவாங்க? ரெண்டு மாசம் அட்ஜஸ்ட் பண்ணிகினு இருக்கச் சொல்லு" என்றாள். சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன். இதற்கு நோட்டில் எண் போடவில்லை.

ஜெயா


பெங்களூர்
14.2.1998

ஜெயாவுக்கு,

பெரியப்பா போனது நம்பவே முடியவில்லை. பெரியம்மாவுக்கு ஆறுதல் சொல்.

பங்குனி பத்தொன்பது. காலண்டரில் வட்டம் போட்டேன். சரி.

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். சில நேரம் கண்ணுக்கு முன்னால் ஜரிகைத் தூள் பறப்பது போல மினுக் மினுக் என்று தெரிகிறது. கண்ணாடி போட வேண்டியிருக்குமோ என்னவோ. உனக்குத்தான் எல்லாப் புத்தகமும் தெரியுமே, இதற்கு என்ன என்று பார்த்து எழுது.

பிள்ளை நன்றாக உதைக்கிறது. மூன்றாவது தறி ஓடும்போது மட்டும் அதிகம் உதைக்கிறது. மாமாவிடம் சொன்னேன். "இப்பவே மக்கர் தறிய கண்டுபுடிக்குது, பெரிய ஃபிட்டரா வரும்" என்கிறார்.

ஸ்வர்ணா


ஆரணி
20.2.1998

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்டதற்காக நூலகத்தில் கர்ப்பிணிகளுக்கான மருத்துவப் புத்தகம் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறது. இடது பக்கமாகப் படு. காலைத் தலையணை மேல் வைத்துக்கொள். தார் சுற்றுவதை நிறுத்து. டாக்டரிடம் ஒரு முறை பிரஷர் பார்த்துவிட்டு வா.

அம்மாவிடம் மறுபடி பேசினேன். எட்டாம் மாதத்தில் பிள்ளைத்தாய்ச்சி ஆறு தாண்டக் கூடாதாம். பாலாற்றில் தண்ணீர் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று என்று கேட்டேன். "தண்ணி இல்லன்னா ஆறு இல்லன்னு ஆயிடுமா?" என்றாள்.

கவலைப்படாதே. இன்னும் நாற்பது நாள்தான்.

ஜெயா


பெங்களூர்
3.3.1998

ஜெயா,

அத்தை வளைகாப்புக்குச் சம்மதம் எழுதி, கவரின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, ஒட்டி விலாசம் எழுதச் சொல்லி என்னிடம் கொடுத்தார். இந்தத் தாளையும் உள்ளே வைக்கிறேன். மஞ்சள் தடவிய கவர் என்றால் வந்தவுடன் பிரிப்பீர்கள் அல்லவா?

நேற்று டாக்டரம்மாவிடம் போனோம். பிரஷர் மிகவும் அதிகமாம். பெரிய ஆஸ்பத்திரியில் உடனே சேர வேண்டும், பிரசவம் வரை அங்கேயே படுத்திருக்க வேண்டும் என்றார். அத்தைக்குப் பயம். "மொதப் பிரசவம் தாய் வீட்டுப் பொறுப்பு. உங்க ஆளுங்க வந்து ஒரு வார்த்த சொல்லட்டும். நாளைக்கு ஒண்ணுன்னா எங்கள கேப்பாங்க" என்கிறார். மாமாவும் "ரெண்டு நாளு அட்ஜஸ்ட் பண்ணு, உங்கப்பா வந்துருவாரு" என்கிறார். உங்கள் தெருவில் கூப்பிட்டுச் சொல்லும் பி.பி. போன் நம்பருக்கு இரண்டு தடவை போட்டோம். மணி அடிக்கிறது, எடுப்பவர் இல்லை.

தலைவலி விடவே இல்லை. மேல் வயிற்றில் வலி. வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை.

வளையல் ஒன்றும் வேண்டாம். யாராவது வாருங்கள். நீ வந்தாலும் போதும்.

ஸ்வர்ணா


ஆரணி
25.3.1998

அன்புள்ள அக்காவுக்கு,

இப்போது கண் நன்றாகத் தெரிகிறதா? மாத்திரையை நிறுத்திவிடாதே. அம்மா தினமும் உன்னைத்தான் பேசுகிறாள். நீ எங்களுடன் ஆரணிக்கு வர மாட்டேன் என்று சொன்னதை அவளால் தாங்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் நீ என்னைக் கேட்டாய்: கவர் எப்போது வந்தது? அம்மா பக்கத்தில் இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை. சனிக்கிழமை காலையில்தான் வந்தது, அக்கா. பிரித்துப் படித்ததும் பதினொன்றரை வேலூர் பஸ்ஸைப் பிடித்துவிட்டோம். வெள்ளிக்கிழமை மதியமே உனக்கு வலிப்பு வந்ததும், ஆட்டோவில் தூக்கிப்போனதும், குழந்தை வயிற்றிலேயே போய்விட்டதும் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

தபால் ஏன் தாமதமானது என்று தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜெயா


பெங்களூர்
9.4.1998

ஜெயா,

உன் நோட்டுக்கு ஒன்று. ஆஸ்பத்திரியில் வேறு கட்டில் இல்லை என்று பிள்ளை பெற்றவர்கள் வார்டிலேயே என்னை ஒன்பது நாள் போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் குழந்தைகள். எனக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல். நர்ஸ் நல்ல பெண்தான். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று நான் எழுத வேண்டியதில்லை.

பெண் குழந்தை. உங்களுக்குக் காட்டினார்களாம். எனக்குக் காட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு மாமா அந்தக் கவரைப் பெரிய போஸ்டாபீசில் போட்டார். ஆரணிக்கு எப்போதும் இரண்டு நாள்தான். மழை இல்லை, ஸ்டிரைக் இல்லை. கேட்டுப் பார்த்தேன்.

வந்து சேர்ந்த ஊர் முத்திரை கவரின் பின்பக்கம் இருக்கும். அந்தக் கவரை எனக்கு அனுப்பு.

ஸ்வர்ணா


ஆரணி
20.4.1998

அக்கா,

கவரை இதனுடன் வைத்திருக்கிறேன். முத்திரை தெளிவாகவே விழுந்திருக்கிறது. மார்ச் ஐந்து, வியாழக்கிழமை.

அன்று பதினொரு மணிக்குத் தபால்காரரிடம் அதை வாங்கியது நான்தான். மூலையில் மஞ்சளைப் பார்த்ததும் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். "வளைகாப்புக்குச் சம்மதம் வந்துகீது" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் பிரிக்கப் போனேன். "அடியே, இன்னிக்கி அஷ்டமிடி! மங்கலக் காயிதத்த அஷ்டமில பிரிப்பாங்களா? அறிவு கீதா உனக்கு? நாளைக்கி நவமி. சனிக்கெழமை தசமி, ராகுகாலம் போனதும் அப்பா கையால பிரிக்கட்டும்" என்று வாங்கி, சாமி படத்துக்கு முன்னால் குங்குமச் சிமிழை மேலே வைத்துவிட்டாள்.

இது உனக்கும் தெரிந்த பழக்கம்தான். என் பரீட்சை முடிவு வந்த கவர்கூட ஒரு நவமி முழுக்க அங்கே கிடந்தது. அன்றைக்கு உன் தலைவலியில் நீ அதை மறந்திருப்பாய்.

அம்மாவைச் சொல்வதற்கு இதை எழுதவில்லை. அம்மாவுக்குத் தெரியாத மூன்று எனக்குத் தெரிந்திருந்தது.

கவர் கனமாக இருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன். உள்ளே இரண்டு தாள். சம்மதத்துக்கு இரண்டு தாள் எதற்கு?

விலாசம் உன் கையெழுத்து. வரி கீழே சரிந்துகொண்டே போய், ஆரணி என்பது மூலை மஞ்சளுக்குள் போய்விட்டிருந்தது.

மூன்றாவது அந்தப் புத்தகம். உப்பு, தலையணை எல்லாம் அடுத்த பக்கத்தில் இருந்தது. நீ கேட்டதற்கு உண்மையான பதில் அதற்கு முந்தைய பக்கம். கால் வீக்கம், விடாத தலைவலி, கண்ணில் பொறி பறப்பது, இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது, தாய்க்கும் குழந்தைக்கும் உயிருக்கு ஆபத்து என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. நீ தனியாக இருந்து படித்துப் பயப்படுவாய் என்று அதை விட்டுவிட்டு எழுதினேன். அப்பாவிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மா "நாலு பொஸ்தகம் படிச்சிட்டு எனக்கே பிரசவம் சொல்லித் தரியா" என்று ஆரம்பிப்பாள். வீட்டில் இரண்டு நாள் சமையல் நடக்காது. அப்பா தறியில் போய் உட்கார்ந்துவிடுவார்.

வியாழக்கிழமை மதியம் அம்மா தூங்கினாள். கவர் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. சிமிழை எடுத்தேன். மறுபடி வைத்தேன். வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போய் மூன்றாம் வகுப்புக்குப் பெருக்கல் நடத்தினேன்.

பெங்களூரிலிருந்து திரும்பியதும் அம்மா சொன்னாள்: "கவரு சனிக்கெழம வந்ததா தேதிய அட்ஜஸ்ட் பண்ணி எழுதிடுடி. தெரிஞ்சா அவ என்ன பெத்த தாயாவே நெனைக்க மாட்டா." எழுதினேன். அம்மாவுக்காக என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

நோட்டில் முப்பத்தொரு பேர் இருக்கிறார்கள். எல்லோர் பெயரையும் எழுதி எண் போட்டிருக்கிறேன். எழுதியவள் பெயர் அதில் இல்லை.

குழந்தையைப் பற்றி நீ கேட்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். தலைமுடி நிறைய இருந்தது. உன் நெற்றி. நான் கையில் வாங்கிக்கொண்டேன். மாமா ஒரு பெயர் கேட்டார், மனதுக்குள் சொல்லிக்கொள்ள. இனியா என்றேன்.

ஜெயப்ரியா

இந்தக் கடைசிக் கடிதத்தையும் கவரையும் 1998இல் அன்றே பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஏழாம் நாள் ஒப்புகை அட்டை வந்தது. ஸ்வர்ணலதா என்று முழுப் பெயரையும் நேர் வரியில் எழுதிக் கையெழுத்திட்டிருந்தாள். அதன் பிறகு நான் எழுதிய பதினாறு கடிதங்களுக்குப் பதில் இல்லை. 2004ஆம் ஆண்டு ஆவணியில் அம்மா இறந்தாள். மாமா மட்டும் வந்து, மாலை போட்டுவிட்டு, மதிய பஸ்ஸில் திரும்பிப் போனார்.